ஆன்மாவுக்காகக் கட்டியது

டெச்சானி மடத்துக்குள் போக வேண்டுமென்றால் முதலில் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். வாசலில் அதை வாங்கிக்கொள்பவர்கள் நேட்டோ அமைதிப்படையைச் சேர்ந்த இத்தாலியச் சிப்பாய்கள். கொசோவோவின் மேற்கு ஓரம் அது. பின்னால் ப்ரொக்லெட்டியே மலைத்தொடர், பக்கத்தில் பிஸ்த்ரிட்சா என்ற சிற்றாறு. மதிலைத் தாண்டிக் கால் வைத்ததும் புல்வெளி நடுவே ஆலயம். வெளிர் மஞ்சள், வெள்ளை, சிவப்பில் ஊதா கலந்தாற்போல ஒரு நிறம் என்று பளிங்குக் கற்களை வரிவரியாக அடுக்கிய சுவர். மாலை வெயில் பட்டு அந்தச் சுவர் தோலைப் போல இளஞ்சூடாகத் தெரிந்தது.

நான் போனது ஒரு வியாழக்கிழமை. வியாழன்தோறும் மாலையில் அங்கே ஒரு பேழையைத் திறப்பார்கள். உள்ளே கிடப்பவர் மன்னர் மூன்றாம் ஸ்டெஃபான் உரோஷ். மக்கள் அவரை ஸ்டெஃபான் டெச்சான்ஸ்கி என்றே சொல்கிறார்கள், ‘டெச்சானிக்காரர்’ என்பது போல. கருப்பு அங்கித் துறவிகள் வாத்தியம் எதுவுமில்லாமல் வெறுங்குரலில் அவர்மேல் துதி பாடினார்கள். தேன்மெழுகு வாசனை. பாட்டு முடிந்ததும் வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பேழையில் உதடு வைத்தார்கள். சிலர் அதன் அடியில் குனிந்து தவழ்ந்து மறுபக்கம் எழுந்தார்கள். வயதான ஓர் அம்மா முழங்காலைப் பிடித்தபடி எழ முடியாமல் நிற்க, இளந்துறவி ஒருவர் ஓடிவந்து கைகொடுத்தார். அந்த அம்மாவின் முகத்தில் அழுகை இருந்தது, ஆனால் துக்கம் இல்லை. அறுநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு ராஜாவிடம் ஒருத்திக்கு இவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது?

அந்தப் பேழையில் இருப்பவரின் கண்ணைப் பிடுங்கச் சொன்னவர் அவருடைய அப்பா. அவருடைய உயிரைப் பறித்தவர்கள் அவருடைய மகனின் ஆட்கள். அந்த அப்பா தன் ஆயுளில் நாற்பது கோயில் கட்டினார் என்று பெயரெடுத்தவர். இந்தக் கோயிலைக் கட்டி முடித்துச் சித்திரம் தீட்டவைத்தவர் அந்த மகன். செர்பிய மன்னர்களின் கோயில் கட்டிய கதையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் இந்த மூன்று பேரிடமே போய் நிற்கிறது.

வியன்னாவில் என்னோடு வேலை பார்க்கும் செர்பியப் பெண் ஒருவர்தான் எனக்கு ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தார்: ‘ஸாதுஜ்பினா’. அரசரோ செல்வரோ கட்டிவைத்த மடம், பள்ளி, பாலம், கிணறு எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். ‘ஸா துஷு’ என்றால் ஆன்மாவுக்காக. அதிலிருந்து பிறந்த சொல். “ஆனால் எங்கள் காதில் வேறொன்றும் விழும்” என்றார். கடன்படுவதற்கு அவர்கள் மொழியில் ‘ஸாதுஜிதி’ என்று சொல்வார்களாம். இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. இருந்தாலும் பேசுகிறவரின் காதில் ஆன்மாவும் கடனும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஒலிக்கின்றன. நான் அவர்கள் நாட்டில் பார்த்த ஒவ்வொரு மடத்திலும் இந்த இரண்டு ஒலியும் எனக்குக் கேட்டன.

கதை நெமான்யாவிடம் தொடங்குகிறது. 1160களில் நான்கு சகோதரர்கள் செர்பிய நிலத்தைப் பங்குபோட்டு ஆண்டுகொண்டிருந்தார்கள். அதில் கடைக்குட்டி ஸ்டெஃபான் நெமான்யா. தன் பங்கான தோப்லிட்சாப் பகுதியில் அண்ணன்மாரைக் கேட்காமல் இரண்டு கோயில்களைக் கட்ட ஆரம்பித்தார். அண்ணன்களுக்குக் கோபம் வந்தது. எதற்குக் கோபம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் புரியாது. அன்றைக்கு ஆண்டவனுக்கு ஆலயம் எழுப்புவது மன்னன் செய்கிற காரியம். தம்பி கல் நட்டால், ‘இனி நான்தான் ராஜா’ என்று ஊருக்குச் சொல்கிறான் என்றுதான் பொருள். பிடித்து ஒரு குகையில் அடைத்தார்கள். அங்கே புனித ஜார்ஜை வேண்டிக்கொண்டதாகவும், அவர் விடுவித்ததாகவும், நன்றிக்கடனாக ராஸ் நகரத்தை அடுத்த குன்றின்மேல் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு மடம் கட்டியதாகவும் அவர் குடும்பத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். ஜுர்ஜெவி ஸ்தூபோவி என்று பெயர். ஜார்ஜின் கோபுரங்கள். 1171இல் கட்டி முடிந்தது. பாந்தினோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் மூத்தவர் திஹோமிர் சிட்னிட்சா ஆற்றில் மூழ்கி இறந்தார். ஆக, அந்த வம்சத்தின் முதல் கோயில்களுக்குக் கீழேயே ஓர் அண்ணனின் பிணம் கிடக்கிறது.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நெமான்யா கட்டிய ஸ்டுடெனிட்சா மடம் எனக்குப் புரிந்தது.

இபார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பஸ்ஸில் போய், உஷ்ச்சே என்ற சிற்றூரில் இறங்கி, அப்புறம் மலைப்பாதையில் ஏற வேண்டும். வட்ட மதிலுக்கு நடுவே வெள்ளைக் கோயில். பளிங்கு, பக்கத்து ரதோச்செலோ மலையில் வெட்டி எடுத்தது. சுவரையும் வாசலையும் ஜன்னலையும் பார்த்தால் இத்தாலியக் கடற்கரைக் கோயில் போலிருக்கும். அண்ணாந்து கோபுரக் குவிமாடத்தைப் பார்த்தால் கான்ஸ்டாண்டிநோபிள். ஒரு பக்கம் ரோம், மறுபக்கம் பைசாந்தியம், இடையில் மாட்டிக்கொண்ட ஒரு சின்ன நாடு இரண்டு பக்கமும் கொத்தனார்களை வரவழைத்திருக்கிறது. அதை ஒட்டுவேலை என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு இயல்பாக இரண்டும் ஒன்றில் ஒன்று இறங்கியிருக்கின்றன.

1196இல் நெமான்யா அரியணையை விட்டு இறங்கினார். அவரும் மனைவி ஆனாவும் ஒரே நாளில் துறவு பூண்டார்கள். ஸ்டுடெனிட்சாவில் சிமியோன் என்ற பெயரில் ஒரு சாதாரணத் துறவியாகக் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு, பதினெட்டு வயதுவாக்கில் வீட்டைவிட்டு, துறவிகள் வாழும் ஆத்தோஸ் மலைக்கு ஓடிப்போய்ச் சாவா என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த கடைசி மகனிடமே போய்ச் சேர்ந்தார். அப்பாவும் பிள்ளையுமாக 1198இல் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் அலெக்சியோஸிடம் பொன்முத்திரைச் சாசனம் வாங்கி, பாழடைந்து கிடந்த ஹிலாந்தர் மடத்தைச் செர்பியர்களுக்கென்று எடுத்துக் கட்டினார்கள். இன்றுவரை ஆத்தோஸில் அது செர்பிய மடம்தான். 2004 மார்ச்சில் தீப்பிடித்துப் பாதிக்கு மேல் எரிந்துபோய், மறுபடியும் கட்டி எழுப்பிவருகிறார்கள்.

நெமான்யா சாகும் காட்சியைச் சாவாவே எழுதியிருக்கிறார். தன்னைத் தரையில் ஒரு பாயில் கிடத்தி, தலைக்கு ஒரு கல்லை வைக்கச் சொன்னார் கிழவர். மகன் அப்படியே செய்தார். முப்பது ஆண்டு ஆண்ட ஒரு மனிதர் கடைசியில் கேட்டது ஒரு பாயும் ஒரு கல்லும். இதை எழுதும்போது எனக்கு அந்தக் கல்லின் குளிர்ச்சி கழுத்தில் தெரிகிறது. ஹிலாந்தரில் அவர் கல்லறையை ஒட்டி ஒரு திராட்சைக்கொடி உண்டு. அதன் பழத்தைப் பிள்ளையில்லாத தம்பதிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை.

அதற்குள் நாட்டில் இரண்டு பிள்ளைகள், வுக்கானும் ஸ்டெஃபானும், அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள். 1207 வாக்கில் சாவா அப்பாவின் உடலை ஆத்தோஸிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டுடெனிட்சாவில் அடக்கம் செய்தார். அப்பாவின் உடலுக்கு முன்னால் அண்ணன் தம்பிகளைச் சமாதானம் செய்துவைத்தார். மன்னர்கள் மடத்துக்கு அள்ளிக் கொடுத்ததற்கு இறைப்பற்று, அரசியல் என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். எனக்கு இந்த ஒரு காட்சியே போதும். வம்சம் உடைந்துவிடாமல் பிடித்துவைக்கும் இடம் மடம். ஊர்ப் பெரியவர் வீட்டில் பஞ்சாயத்துப் பேசுவது போல, செத்துப்போன தகப்பனாரை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிற இடம். அதே ஆண்டுகளில் சாவா அந்த மடத்தில் ஒரு மருத்துவமனையும் ஏற்படுத்தினார்.

அந்தக் கோயிலின் மேற்குச் சுவரில் 1208–09இல் தீட்டிய சிலுவைக் காட்சி இருக்கிறது. நள்ளிரவு வானம் போன்ற நீலப் பின்னணி, அதில் நட்சத்திரங்கள். கான்ஸ்டாண்டிநோபிளைச் சிலுவைப் போர்க்காரர்கள் 1204இல் சூறையாடிய பிறகு, அங்கிருந்த கலைஞர்கள் பிழைப்புத் தேடிப் பல திசைக்கும் போனார்கள். கிறிஸ்துவின் முகத்தில் வலி இல்லை, ஓய்வு இருக்கிறது. படங்களின் எழுத்தெல்லாம் கிரேக்கத்தில் இல்லை, அவர்களுடைய ஸ்லாவ் எழுத்தில். ஒரு திருச்சபை தன் மொழியில் பேசத் தொடங்கிய சுவர் அது. 1219இல் சாவா நைசியாவுக்குப் போய், சுதந்திரமான செர்பியத் திருச்சபையின் முதல் பேராயராகத் திரும்பினார்.

அதன் பிறகு ஒவ்வொரு மன்னரும் தனக்கென்று ஒரு மடம், அதில் தனக்கென்று ஒரு கல்லறை என்பது வழக்கமாகிவிட்டது. முதல் முடிசூடியவர் என்று அழைக்கப்பட்ட ஸ்டெஃபானுக்கு, சிவப்புச் சுவர் கொண்ட ஜிச்சா. அந்த மடத்துக்குக் கொடுத்த ஊர்களின் பட்டியலையும் உரிமைகளையும் நுழைவுக் கோபுரத்தின் உட்சுவரிலேயே எழுதிவைத்தார்கள். உள்ளே நுழைகிறவர் எல்லாரும் சாசனத்துக்கு நடுவில்தான் நடந்து போக வேண்டும். விளாதிஸ்லாவுக்கு மிலெஷெவா. வெண்ணிற ஆடையில் காலிக் கல்லறையைச் சுட்டிக்காட்டி உட்கார்ந்திருக்கும் அந்தத் தேவதூதனை நீங்கள் எங்காவது படத்தில் பார்த்திருப்பீர்கள். சாவா 1236இல் பல்கேரியாவின் தர்னோவோவில் இறந்தபோது அவர் உடலையும் மிலெஷெவாவுக்குத்தான் கொண்டுவந்தார் விளாதிஸ்லாவ். 1594இல் ஒட்டோமான் படைத்தலைவர் சினான் பாஷா அந்த உடலைப் பெல்கிரேடுக்குக் கொண்டுபோய் எரித்தார்.

முதலாம் உரோஷுக்குச் சொபோச்சானி. இந்த மடத்துக்கு நான் தனியாக ஒரு நாள் ஒதுக்கினேன், ஒதுக்கியதில் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி. நோவி பசாரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர், ராஷ்கா ஆறு ஊற்றெடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். 1689இல் துறவிகள் தப்பி ஓடிய பிறகு கூரையின் ஈயத் தகட்டை யாரோ உரித்துக்கொண்டார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் அந்தச் சுவரோவியங்கள் மழையிலும் பனியிலும் நின்றன. 1920களில்தான் மறுபடி கூரை போட்டார்கள். மேற்குச் சுவரில் மரியாளின் மரணக் காட்சி. ஆள் உயரத்துக்கும் பெரிய அப்போஸ்தலர்கள் கட்டிலைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். 1260களில் தீட்டியது. அந்த உடைகளின் மடிப்பில் விழும் பச்சையும் ஊதாவும், உள்ளே உடல் இருக்கிறது என்று நம்பவைக்கும் அந்தக் கனமும், ஐரோப்பாவில் அன்றைக்கு வேறெங்கும் யாரும் இப்படித் தீட்டவில்லை என்றே நான் நினைக்கிறேன். முன்கூடத்தில் இன்னொரு மரணப் படுக்கை. அது மன்னரின் தாய் ஆனா தந்தோலோ. கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையடித்த வெனிஸ் அதிபர் என்ரிக்கோ தந்தோலோவின் பேத்தி. பாட்டனார் சூறையாடிய நகரத்தின் கலைமரபில் தேறிய கைகள், பேத்தியின் சாவை இவ்வளவு பரிவோடு தீட்டியிருக்கின்றன. பக்கத்தில் நின்று பார்த்தால், படுக்கையருகே மகன் உரோஷ் குனிந்திருக்கிறார். ராஜா என்று தெரியவில்லை, அம்மாவை இழந்தவன் என்றுதான் தெரிகிறது.

அந்த உரோஷை 1276இல் அரியணையிலிருந்து தள்ளியவர் அவருடைய மூத்த மகன்.

இவ்வளவுக்கும் பணம்? வெள்ளி. உரோஷ் காலத்தில் சாக்சன் சுரங்கக்காரர்கள் வந்து குடியேறினார்கள். ப்ர்ஸ்கோவோ, ருத்னிக், அப்புறம் நோவோ ப்ர்தோ என்று மலைகளிலிருந்து வெள்ளி வெளியே வந்தது. அதைக் கடற்கரை வணிகர்கள் மேற்கே கொண்டுபோனார்கள். அந்த வெள்ளி பெருகிய காலத்து மன்னர் மிலுடின், நான் முதலில் சொன்ன மூவரில் அந்த அப்பா. 1282 முதல் 1321 வரை ஆட்சி. ஆண்டுக்கு ஒரு கோயில் என்று நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். எருசலேமில் மடம், கான்ஸ்டாண்டிநோபிளில் மருத்துவமனை, ஹிலாந்தரின் பெரிய கோயில், ஸ்டுடெனிட்சாவின் முற்றத்தில் ஒரு சிறு மணியைப் போன்ற ‘ராஜாவின் கோயில்’, ப்ரிஸ்ரெனில் லெவிஷ்கா அன்னை ஆலயம், பிரிஷ்டினாவுக்குப் பக்கத்தில் கிராச்சானிட்சா. கிராச்சானிட்சாவின் ஐந்து குவிமாடங்களும் ஒன்றன் தோளில் ஒன்று ஏறுவது போல எழும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண் கீழே இறங்காது.

உள்ளே வளைவின் இரு பக்கமும் மிலுடினும் அவர் மனைவி சிமோனிதாவும் எதிரெதிராக நிற்கிறார்கள். மன்னர் கையில் கோயிலின் சின்ன மாதிரி. கோயில் கட்டியவர்கள் எல்லாரையும் இப்படித்தான் தீட்டுவார்கள், கட்டிய கோயிலைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு. சிமோனிதா பைசாந்தியப் பேரரசரின் மகள். 1299இல் கல்யாணம் நடந்தபோது பெண்ணுக்கு வயது ஐந்து இருக்கும். மாப்பிள்ளை நாற்பதைத் தாண்டியவர். சமாதானத்துக்காகக் கொடுக்கப்பட்ட குழந்தை. மன்னர் இறந்ததும் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் திரும்பித் துறவியாகிவிட்டாள். அந்தச் சித்திரத்தில் பட்டும் முத்தும் பொன்னும் அப்படியே இருக்கின்றன. கண்கள் மட்டும் இல்லை. யாரோ எப்போதோ சுரண்டி எடுத்துவிட்டார்கள். நான் அதற்குக் கீழே ரொம்ப நேரம் நின்றேன். அந்தச் சிறுபெண்ணுக்காக எனக்கு வந்த கோபம், மேலே எழும் குவிமாடங்களின் அழகைக் குறைக்கவில்லை. குறைய வேண்டும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை.

மிலுடின் தனக்கென்று கட்டிய கல்லறைக் கோயில் பான்ஸ்கா. அதன் சாசனம் பிற்காலத்தில் இஸ்தான்புல் அரண்மனை நூலகத்தில் கிடைத்தது. 75 ஊர்களும், மேய்ச்சல்காரர்களான விளாக்குகளின் குடியிருப்புகளும் அந்த மடத்துக்கு எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சாசனங்களைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சுவரோவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பார்க்காத பாதி அதில்தான் இருக்கிறது.

ஒரு மடத்துக்கு நிவந்தம் என்றால் நிலம் மட்டும் இல்லை. ஆற்றிலிருந்து மலை முகடு வரை, முகட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட பாறை வரை என்று எல்லை, ஆலைகள், திராட்சைத் தோட்டம், மீன்பிடி உரிமை, மேய்ச்சல் மலை, அப்புறம் மனிதர்கள். ‘மெரோப்ஹ்’ என்ற குடியானவர்கள் நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டார்கள். உழ வேண்டும், அறுக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும். விளாக்குகள் ஆடு மேய்த்து, கம்பளியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து, பொதிக்குதிரையில் உப்புச் சுமந்து வர வேண்டும். டெச்சான்ஸ்கியின் மகன் டூஷான் 1349இல் கொண்டுவந்த சட்டத்தொகுப்பு, பிரபுவின் நிலத்தில் ஒரு மெரோப்ஹ் செய்ய வேண்டியதைக் கணக்காகச் சொல்கிறது: வாரத்துக்கு இரண்டு நாள் உழைப்பு, வருடத்துக்கு ஒரு பெர்ப்பர் காசு, புல் அறுக்க ஒரு நாள், திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு நாள். சட்டத்துக்கு மேல் யாராவது கேட்டால் அவன் வழக்குப் போடலாம். தன் பிரபுவின் மேல், பேரரசரின் மேல், திருச்சபையின் மேலும்கூட. எத்தனை பேர் போட்டிருப்பார்கள் என்பது வேறு. எழுதியாவது வைத்தார்களே என்று எனக்கு ஓர் ஆறுதல்.

சாசனத்தின் கடைசியில் ஓம்படைக்கிளவி வரும். இதை மாற்றுகிறவன், இதிலிருந்து எடுக்கிறவன், அவன்மேல் ஆண்டவனின் சாபம், நைசியாவில் கூடிய 318 திருச்சபைத் தந்தையரின் சாபம் என்று போகும். சாபம் யாரைப் பார்த்து? பெரும்பாலும் தனக்குப் பின்னால் வரப்போகும் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்து. தன் வீட்டாரைப் பற்றி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, டெச்சானிக்குத் திரும்பலாம்.

1314 வாக்கில் ஸ்டெஃபான் அப்பா மிலுடினுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றார். கண்ணைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு. பிறகு மனைவி மக்களோடு கான்ஸ்டாண்டிநோபிளுக்கு நாடுகடத்தினார்கள். பேரரசர் அவரைப் பாந்தோக்ராத்தோர் மடத்தில் வைத்திருந்தார். ஏழு ஆண்டுபோலக் கண்ணில் கட்டோடு இருந்தார். அவர் கதையைப் பின்னாளில் டெச்சானியிலேயே மடாதிபதியாக இருந்த கிரிகோரி சாம்ப்லாக் எழுதினார். கண்ணைப் பிடுங்கிய இரவில் புனித நிக்கோலாஸ் கனவில் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாராம். அதில் இரண்டு கண்கள். “பயப்படாதே, உன் கண்கள் என்னிடம்தான் இருக்கின்றன” என்றாராம். 1321இல் மிலுடின் இறந்ததும் ஸ்டெஃபான் கட்டை அவிழ்த்தார். பார்வை இருந்தது. கண்ணில் சூடுவைத்தவன் கை நடுங்கி அரைகுறையாக விட்டிருப்பான் என்று இன்றைக்கு நாம் சொல்லலாம். அவருடைய மக்கள் சொன்னது வேறு. அரியணைக்குப் போட்டியிட்ட, மிலுடினின் இன்னொரு மகன் கொன்ஸ்தந்தீன் அந்தச் சண்டையில் செத்தான். 1322 ஜனவரியில் முடிசூட்டு, கூடவே மகன் டூஷானுக்கு இளவரசுப் பட்டம்.

1327இல் டெச்சானி வேலை தொடங்கியது. தலைமைக் கொத்தனார் யார் தெரியுமா? கோட்டோர் துறைமுகத்திலிருந்து வந்த வீத்தா என்ற ஃபிரான்சிஸ்கன் துறவி. கத்தோலிக்கர். ஆர்த்தடாக்ஸ் மன்னரின் கல்லறைக் கோயிலை ரோமத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சாமியார் கட்டுகிறார். யாருக்கும் அது உறுத்தவில்லை. தெற்கு வாசலின் மேல், கிறிஸ்துவின் ஞானஸ்நானச் சிற்பத்துக்குக் கீழே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: சிறிய சகோதரர் வீத்தா, அரசர்களின் நகரான கோட்டோரைச் சேர்ந்த தலைமைக் கைவினைஞர், இதை மன்னர் ஸ்டெஃபானுக்காகவும் அவர் மகனுக்காகவும் எட்டு ஆண்டில் கட்டினார் என்று. வெயிலில் நின்று அந்த எழுத்தைத் தடவிப்பார்க்க ஆசையாக இருந்தது. தொடவில்லை.

அந்த எட்டு ஆண்டுகளுக்கு நடுவில்தான் எல்லாம் நடந்தது. 1330இல் மன்னர் மடத்துக்குச் சாசனம் வழங்கினார். அதே ஆண்டு வெல்புஷ்த் போரில் பல்கேரியரை வென்றார்கள், டூஷான் முன்னணியில். மறு ஆண்டு மகன் அப்பாவுக்கு எதிராக எழுந்தான். செப்டம்பரில் முடி சூடிக்கொண்டான். நவம்பரில் ஸ்வெச்சான் கோட்டையில் ஸ்டெஃபானைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கோயில் பாதியில் நின்றது.

டூஷான் அதை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. 1335க்குள் கட்டிடத்தை முடித்தார். அதன் பிறகு சித்திரவேலை 1340களின் கடைசிவரை இழுத்தது. தளத்திலிருந்து குவிமாடம்வரை ஓர் அங்குலம் விடாமல் தீட்டியிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான உருவங்கள். தெற்குச் சிற்றாலயம் புனித நிக்கோலாஸுக்கு. கண்ணை உள்ளங்கையில் வைத்துக் காத்தவருக்கு. முன்கூடத்தின் கிழக்குச் சுவரில் வம்சக்கொடி: கீழே வேராக நெமான்யா, அவரிலிருந்து சுருண்டெழும் தண்டில் பிள்ளைகள், பேரர்கள், உச்சியில் டூஷான். கண்ணைப் பிடுங்கியவரும், பிடுங்கப்பட்டவரும், நெரிக்கவிட்டவரும் ஒரே கொடியில் மலர்ந்திருக்கிறார்கள். கோயிலைக் கட்டியவர்களாகத் தகப்பனும் மகனும் சேர்ந்து நிற்கும் சித்திரமும் உண்டு. அதைத் தீட்டச் சொன்ன மகன், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார்? இதை நான் அங்கே நின்று கேட்டுக்கொண்டேன். ஆன்மாவுக்காக என்ற சொல்லும் கடன் என்ற சொல்லும் ஒரே ஒலியாகக் காதில் விழுந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. டெச்சானிச் சாசனம் ஊர்ப்பெயரோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராக, குடும்பத் தலைவர்களின் பெயரை எழுதிக்கொண்டே போகிறது. இன்னார், அவர் பிள்ளைகள், அவர் தம்பி, இன்னாருடைய மகன் இன்னார். மன்னரின் புண்ணியத்துக்காக உழைக்கக் கொடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்குச் சுவரில் முகம் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சாதாரண உழவனின் பெயர் எழுத்தில் மிஞ்சுவது எவ்வளவு அரிது! கணக்குக்காக எழுதியதுதான், அன்பினால் அல்ல. இருந்தாலும் அந்தத் தோலேட்டில் அவர்கள் மன்னரோடு சேர்ந்தே இருக்கிறார்கள். அந்தப் பளிங்கின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அவர்களுடைய இரண்டு நாள் இருக்கிறது.

டெச்சானி பிழைத்தது தற்செயல் இல்லை. அதைக் காப்பாற்றிய தலைமுறைகள் உண்டு. 1999 போரின்போது இங்கிருந்த துறவிகள் அல்பேனியர்களையும் ரோமாக்களையும் செர்பியர்களையும் வேறுபாடு பார்க்காமல் உள்ளே வைத்துக் காத்தார்கள். 2004 மார்ச் கலவரத்தில் லெவிஷ்கா ஆலயத்தின் உள்ளே தீவைத்தபோது மிலுடின் காலத்துச் சித்திரங்கள் கருகின. யுனெஸ்கோ இந்த மடங்களை ‘ஆபத்தில் உள்ள’ பட்டியலில் வைத்திருக்கிறது. வாசலில் சிப்பாய் நிற்பது அதனால்தான்.

டூஷானுக்குப் பிறகு பேரரசு சிதறியது. லாசர் இளவரசர் ரவானிட்சாவைக் கட்டி, 1389இல் கொசோவோ களத்தில் விழுந்து, பின்னர் ரவானிட்சாவுக்கே கொண்டுவரப்பட்டார். அவர் மகன் ஸ்டெஃபான் லாசரெவிச் 1418க்குள் மனாசியாவைப் பதினோரு கோபுரக் கோட்டைக்கு நடுவே கட்டினார். துருக்கியர் வருவது தெரிந்துவிட்டது. இனி மடத்துக்கும் மதில் வேண்டும். அந்த மதிலுக்குள் எழுத்தர்கள் உட்கார்ந்து ஏடுகளைப் பிழைதிருத்திப் படியெடுத்தார்கள். பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது: ப்ரிஸ்ரென் கோயிலின் தளம், டெச்சானியின் கோயில், பேச் என்ற ஊர் மடத்தின் முன்கூடம், பான்ஸ்காவின் பொன், ரெசாவாவின் எழுத்து, இவற்றுக்கு இணை எங்கும் இல்லை என்று. ரெசாவா என்பது மனாசியாவேதான். பான்ஸ்காவின் பொன் போய்விட்டது. அங்கே கிடைத்த, டூஷானின் தாய் தியோடோரா அரசியின் மோதிரம் மட்டும் பெல்கிரேடு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘அணிகிறவருக்கு ஆண்டவன் துணை’ என்று அதில் எழுதியிருக்கிறது. மிலுடினின் உடல் சோஃபியாவில்.

அந்தக் குறிப்பில் முதலில் வரும் ‘ப்ரிஸ்ரென் கோயிலின் தளம்’, டூஷான் தனக்கென்று கட்டியது. தூய தலைமைத் தூதர்களின் மடம். பேரரசர் என்ற பட்டத்தோடு, எல்லா முன்னோரையும் மிஞ்ச வேண்டும் என்று கட்டியது. 1355இல் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார்.

டெச்சானியிலிருந்து மறுநாள் ப்ரிஸ்ரெனுக்குப் போனேன். ஊருக்கு வெளியே, இன்னொரு பிஸ்த்ரிட்சா ஆற்றின் மலையிடுக்கில், மூன்று கிலோமீட்டர் நடை. கோயில் இல்லை. 1615இல் ஊருக்குள் சினான் பாஷா மசூதி கட்டியபோது இங்கிருந்த கல்லைத்தான் எடுத்துப் போனார்கள். 1927இல் தோண்டிப் பார்த்து அடித்தளத்தை வெளியே எடுத்தார்கள். பேரரசரின் எலும்புகள் இப்போது பெல்கிரேடில் மாற்கு ஆலயத்தில். முழங்கால் உயரத்துக்குச் சுவர்களின் வரி, தூண் நின்ற இடங்கள், பளிங்குத் தளத்தின் சில துண்டுகள், இடையில் புல். தெற்கு மூலையில் ஒரு கல்லறைக் குழி. அப்பாவுக்காக முடித்துக்கொடுத்த கோயிலில் நேற்று மாலை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. இங்கே ஆற்றின் சத்தம் மட்டும். குழியின் விளிம்பில் யாரோ ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்திருந்தார்கள், காற்றில் அணைந்துபோயிருந்தது. என் பையில் டெச்சானியில் வாங்கிய மெழுகுவத்தி ஒன்று மிச்சம் இருந்தது. கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினேன்.